வலப்பனை மலைச்சரிவுகளில் மண்காப்பும் வடிகாலும்

இலங்கையின் மத்திய மலைநாட்டு வரலாறு பெரும்பாலும் பயிர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கோப்பி வந்து செழித்து நோயால் அழிந்தது. சிங்கோனா வந்து விலை வீழ்ந்து மறைந்தது. தேயிலை வந்து நிலைத்தது என்று அவ்வரலாறு கூறும். இப்பயிர்கள் யாவற்றையும் தாங்கிய மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆராயப் புகுந்தோர் சிலரே. மழை மலையிலிருந்து மண்ணைக் கடலுக்கு எடுத்துச் செல்கின்றது. உழவன் வரம்பு கட்டியும் கான் வெட்டியும் அதனைத் தடுத்து நிறுத்த முயல்கின்றான். மன்னராட்சியையும் அந்நியராட்சியையும் சுதந்திர ஆட்சியையும் கடந்து இடையறாது நடந்துவரும் இப்போராட்டத்தைத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதிகளுள் ஒன்று, நுவரெலியா மாவட்டத்தின் வடகீழ்ப் பாகத்தில் அமைந்த வலப்பனை ஆகும். மலையிலே வெட்டப்பட்ட வடிகால் அதனைப் பேணுங் கைகள் உள்ளவரையே வடிகாலாக இருக்கும் என்பது அப்பகுதியின் வரலாறு தரும் முதற் பாடமாகும்.

நிலமும் மழையும்

வலப்பனையின் மேற்புறத்தே இராகலை, ஹைபொரஸ்ட் முதலிய தேயிலைத் தோட்டங்கள் 5,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளன. அங்கிருந்து நிலம் உடப்புசல்லாவை, நில்தண்டாஹின்ன ஆகிய பகுதிகளினூடாக வடக்கும் கிழக்கும் நோக்கிச் சரிந்து, மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. சில மைல் தொலைவுக்குள் பல்லாயிரம் அடி இறங்கும் இந்நிலத்தில் ஓடைகள் யாவும் விரைந்து பாய்வன. குருந்து ஓயா இச்சரிவுகளின் நீரைத் திரட்டிக்கொண்டு மகாவலியை நோக்கி ஓடுகின்றது.

மழை பெய்யும் முறையும் ஈண்டுக் கருதத்தக்கது. பீதுருதலாகலை மலைத்தொடர் தென்மேற் பருவக்காற்றைத் தடுத்து நிற்பதால், ஆனி தொடக்கம் புரட்டாதி வரையுள்ள மாதங்களில் வலப்பனையில் வறட்சியே மிகுதி. அவ்வறண்ட காற்றே உடப்புசல்லாவைத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கின்றது என்பர். பெருமழை கார்த்திகை தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருவது. ஆகவே, மாதக்கணக்கிற் காய்ந்து இறுகி, புல்லும் கருகிக்கிடக்கும் நிலத்தின்மீது திடீரெனப் பெருமழை வீழ்கின்றது. மண்ணரிப்புக்கு இதனினும் ஏற்ற சூழ்நிலை வேறில்லை.

மண்ணரிப்பு வெள்ளத்தால் மட்டும் விளைவது என்று எண்ணுதல் பொருந்தாது. மழைத்துளியே அதன் தொடக்கம். மூடாக்கற்ற நிலத்தில் வீழும் ஒவ்வொரு துளியும் மண்கட்டியை உடைத்து நுண்துகளாக்குகின்றது. அத்துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட, நீர் உட்புக வழியின்றி மேற்பரப்பில் ஓடத் தொடங்குகின்றது. ஓடும் தொலைவு கூடக்கூட வேகமும் கூடும். நீரின் வேகம் இருமடங்கானால், அது உருட்டிச் செல்லவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலாரின் பழைய கணிப்பு. நீர் ஓடும் தூரத்தைக் குறைத்தலும், ஓட்டத்தின் வேகத்தைத் தணித்தலும், துளியின் அடியிலிருந்து நிலத்தை மூடிக்காத்தலும் ஆகிய மூன்றுமே மண்காப்பின் அடிப்படைகள்.

படிக்கட்டு வயல்கள்

இவ்வடிப்படைகளை ஏட்டுக்கல்வியின்றி அறிந்திருந்தோர் கண்டிய உழவர். 1660 ஆம் ஆண்டு தொடக்கம் 1679 ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த உரொபேட் நொக்சு என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தம் நூலில், மலைச்சரிவுகளைப் படிப்படியாகச் சமப்படுத்தி நெல் விளைவித்த முறையை வியந்து விவரித்துள்ளார். வலப்பனையிலும் அதனை அடுத்த ஹங்குரான்கெத்தையிலும் அத்தகைய படிக்கட்டு வயல்கள் இன்றும் காணப்படுகின்றன. மலையுச்சியிற் காடு, அதன்கீழ்ச் சேனையும் தோட்டமும், ஓடைக்கரையில் வயல் என்பது பழைய ஒழுங்கு. காடு மழையை உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஊற்றாக விட, வாய்க்கால் அதனை மேற்படிக்குக் கொணர, ஒரு வயலின் மிகைநீர் அடுத்த வயலுக்கு மெல்ல இறங்கும். ஒவ்வொரு வரம்பும் ஓர் அணை. ஒவ்வொரு படியும் ஒரு வண்டற்குளம் எனலாம்.

எனினும், இவ்வமைப்பு தானே நிலைப்பதன்று. ஆண்டுதோறும் வரம்பு செதுக்கி, கற்கட்டுத் திருத்தி, வாய்க்கால் தூர் வாருதல் வேண்டும். மேற்படியில் ஒரு வரம்பு உடைந்தால், அதன் நீர் கீழ்ப்படிகள் அனைத்தையும் சிதைக்கும். ஆதலால், இவ்வேலைகளை ஊரவர் ஒன்றுகூடியே செய்து வந்தனர். மண்காப்பு தனியொருவர் தொழிலாக அன்றி, ஊரின் பொதுக்கடமையாக இருந்தது.

கோப்பிக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வொழுங்கு மேலிருந்து குலைக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமைப்பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அச்சாம்பல் நிலத்திற் கோப்பி நட்டனர்.

அக்காலத் தோட்டக்காரர் போற்றிய முறை புல்பூண்டு ஒன்றையேனும் விட்டுவைக்காது நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருத்தல். களையற்ற தோட்டமே நல்ல தோட்டம் என்பது அவர்தம் கொள்கை. ஐரோப்பாவின் மென்மழைக்கும் தாழ்ந்த நிலத்துக்கும் இது தீங்கில்லாததாய் இருந்திருக்கலாம். மலைநாட்டின் செங்குத்துச் சரிவில், வடகீழ்ப் பருவமழையின் கீழ், அது மண்ணை மழைக்குக் காணிக்கையாக்கியது. செடிகளும் மலையின் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் நடப்பட்டமையால், வரிசைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் மழைக்காலத்தில் ஓர் ஓடையாயிற்று.

இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த யோசப் ஹூக்கர், மலையுச்சிக் காடுகளை அழிப்பதன் தீமையை 1873 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அதன் பயனாக, 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பதை அரசாங்கம் நிறுத்தியது. ஆயினும், அவ்வெல்லைக்கு மேலே விற்கப்பட்ட நிலங்கள் மீளவில்லை. 1869 இல் முதன்முதல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, அடுத்து வந்த தேயிலை கன்னி நிலத்தை அடையவில்லை. பெரும்பாலும் கோப்பி அரித்து விட்டுச்சென்ற நிலத்தையே அடைந்தது. யேம்சு தெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை, 1880களின் பின்னர் மலைநாடெங்கும் பரவியது.

மேலே தோட்டம் வெட்டப்பட்டபோது கீழேயுள்ள வயல் அதன் பயனை அனுபவித்தது. மலையிலிருந்து இறங்கிய மணலும் சரளையும் வாய்க்கால்களை அடைத்தன. வண்டல் என உழவன் வரவேற்றது உவர்ந்த அடிமண்ணாக மாறியது. இதே காலத்தில் வலப்பனை உழவர் மற்றுமோர் இடரையும் சந்தித்தனர். நெல்வரி செலுத்தத் தவறியோரின் வயல்கள் 1880களில் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர், வலப்பனையில் நிலமிழந்தோர் பட்ட துன்பத்தையும் பட்டினியையும் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொணர்ந்தார். நீண்ட கிளர்ச்சியின் பின்னர் 1892 இல் அவ்வரியை ஒழிக்கத் தீர்மானிக்கப்பட்டது. உழவன் வெளியேறிய வயலில் வரம்பு செதுக்க எவருமில்லை என்பதை நினைவிற் கொண்டால், வரிவிதிப்புக்கும் மண்ணரிப்புக்கும் உள்ள தொடர்பு விளங்கும். நிலத்தை இழப்பவனோடு நிலத்தைக் காக்கும் அறிவும் நீங்கிவிடுகின்றது.

கான் வெட்டுங் கலை

தோட்டங்களிலே மண்ணைக் காக்க எடுக்கப்பட்ட முதன்மையான முயற்சி வடிகால் வெட்டுதல். தோட்டத் தமிழில் அதனைக் ‘கான்’ என்பர். மலைக்குக் குறுக்கே, இடைவெளி விட்டு வெட்டப்படும் கான்கள், மேலிருந்து வரும் நீரை இடைமறித்து நீர் ஓடும் தூரத்தைக் குறைக்கின்றன. அந்நீர் மலையின் இயற்கைப் பள்ளங்களில் அமைந்த பெரிய கான்களிற் சேர்ந்து ஓடைக்குச் செல்லும்.

இக்கான்களின் சாய்வை நிர்ணயிப்பதே இக்கலையின் உயிர்நிலை. சாய்வு மிகுந்தால் நீர் விரைந்தோடிக் கானின் அடியையே அரித்து, அதனை ஆழ்ந்த பிளவாக்கிவிடும். சாய்வு குறைந்தால் மண் படிந்து கான் தூர்ந்து, நீர் கரைமீறி, ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு கீழிறங்கும். முற்காலக் கான்கள் பல மிகுசாய்வுடையனவாய் வெட்டப்பட்டு, காப்பதற்கு மாறாக அழிவுக்கே துணைபோயின. பிற்காலத்தில் 120 அடிக்கு ஓரடி இறக்கம் என்னும் அளவு தகுந்ததெனக் கொள்ளப்பட்டது. கானுக்குள் இடைக்கிடையே கானின் ஆழத்திலும் உயரங்குறைந்த மண்திட்டுகள் விடப்பட்டன. திட்டுகளுக்கு இடைப்பட்ட குழிகளில் நீர் தங்கி, மண்ணை விட்டுவிட்டு, மேலெழுந்து வழிந்து செல்லும். அக்குழிகளிற் படிந்த மண்ணை வாரி மீண்டும் செடியின் அடியில் இடுதல் வேண்டும். பெரிய கான்களின் அடியில் கல் பதித்தும் கரையிற் புல் வளர்த்தும் அரிப்பைத் தடுத்தனர்.

மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு, பாறையும் வேருமாய்க் கிடந்த சரிவுகளில் இவ்வேலையைச் செய்தோர் தோட்டத் தொழிலாளர். எந்த மலையில் எந்தப் பருவத்தில் ஊற்று எழும், எந்தக் கான் எந்த மூலையில் உடைக்கும் என்பதைக் கங்காணிமாரும் மூத்த தொழிலாளரும் அறிந்திருந்தனர். அவ்வறிவு எந்தத் தோட்டக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வேலைக்களத்திலேயே வந்தது.

ஆராய்ச்சியும் சட்டமும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மண்ணரிப்பு உலகெங்கும் பேசப்படும் பொருளாயிற்று. இலங்கையில் இதனை ஆராய்ந்த மண்ணரிப்புக் குழுவின் அறிக்கை 1931 ஆம் ஆண்டிற் சட்டசபைப் பத்திரமாக வெளிவந்தது. பேராதனையில் ஹொலண்டு, யோவாக்கிம் ஆகியோர் நிகழ்த்திய மண்ணரிப்புப் பரிசோதனையின் முடிவுகள் 1933 இல் வெளியிடப்பட்டன. 1925 இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், சமவுயரக் கோடுகளைத் தழுவி நடுதல், முள்முருக்கு முதலியவற்றின் இலைகளால் மண்ணை மூடுதல் ஆகியவற்றைத் தோட்டங்களில் பரப்பியது. சுரண்டி கொண்டு நிலத்தை மொட்டையாக்கும் பழைய வழக்கம் சிறிது சிறிதாகத் தளர்ந்தது.

சுதந்திரத்தின் பின் 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசங்களைப் பிரகடனஞ் செய்து, அங்குள்ள நிலவுடைமையாளர் மேற்கொள்ள வேண்டிய காப்பு முறைகளை விதிக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு வழங்கியது. 1996 இல் திருத்தப்பட்டது. 1950களின் இறுதியிலிருந்து மீள்நடுகைக்கு உதவிப்பணம் கொடுக்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு வளர்த்து, அதனை வெட்டி நிலத்தை மூடி, அதன் பின்னரே இளங்கன்று நடுதல் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் விதி. புல்லின் வேர் மண்ணைப் பிணிக்கும்; அதன் தழை துளியின் அடியைத் தாங்கும்.

இம்முறைகள் அளிக்கும் பயனை அளவைகள் காட்டுகின்றன. 1970, 1980களில் மலைநாட்டில் செய்யப்பட்ட மதிப்பீடுகளின்படி, செவ்வனே பேணப்படாத பழைய விதைத் தேயிலை நிலத்தில் ஹெக்டேயர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 தொன் மண் நீங்குகின்றது. சரிவில் இடப்பட்ட புகையிலைச் செய்கையில் இது 70 தொன் வரை உயர்கின்றது. பலமரம் செறிந்த கண்டிய வீட்டுத்தோட்டத்திலோ ஒரு தொன்னும் நீங்குவதில்லை. நெருங்கி வளர்ந்து நிலத்தை மூடிய புதுத்தேயிலையும் வீட்டுத்தோட்டத்துக்கு அண்மையில் நிற்கின்றது. தேயிலை மலைகள் காடழிந்த காலந் தொட்டு ஏறத்தாழ 30 சதமமீற்றர் மேன்மண்ணை இழந்துள்ளன எனவும் கணிக்கப்பட்டுள்ளது. ஓரங்குல மேன்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும் என்பதைக் கருதின், இவ்விழப்பை எந்த உரத்தாலும் ஈடுசெய்ய இயலாது என்பது பெறப்படும்.

கைகள் நீங்கியபோது

அறிவும் சட்டமும் இருந்தும் அழிவு நின்றிலது. அதற்குக் காரணம் தேடுவோர் மண்ணை விட்டு மனிதரை நோக்குதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமுறைகளாக ஒரே மலையில் உழைத்த குடும்பங்கள் கப்பலேறின. அவர்களோடு அம்மலையின் ஊற்றுக்களையும் கான்களையும் பற்றிய அறிவும் கப்பலேறிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கொழுந்தின் நிறை கணக்கிடப்பட்டது. தூர்ந்த கானின் நீளம் கணக்கிடப்படவில்லை. கான் துப்புரவாக்கும் வேலை இன்று கூலியைக் கேட்டு, பயனை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. செலவைக் குறைக்க விரும்புவோர் முதலிற் கைவிடும் வேலையும் அதுவே.

பேணாத கான் வெறுமனே பயனற்றுப்போவதில்லை, தீங்கும் செய்கின்றது. மலைநாட்டுச் சரிவுகளிற் பாறையின்மீது தடித்த மண்போர்வை தங்கியுள்ளது. அடைபட்ட கானில் நீர் தேங்கினால், அது மண்ணுக்குள் இறங்கிப் போர்வையின் எடையைக் கூட்டும். மண்துகள்களின் பிடிப்பையும் தளர்த்தும். ஒருநாள் அப்போர்வை முழுவதும் வழுக்கி இறங்கும். இதில் ஒரு முரண் உண்டு. மண்ணரிப்பைத் தடுக்க நீரை நிலத்தில் நிறுத்துதல் வேண்டும். மண்சரிவைத் தடுக்க நீரை நிலத்தை விட்டு விரைவில் அகற்றுதல் வேண்டும். எந்தச் சரிவில் எது செய்தல் தகும் என்பதை அந்நிலத்தை அறிந்தவரே கூறவல்லர்.

1986 ஆம் ஆண்டு தை மாதத்தில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நிகழ்ந்த சரிவுகள் நாட்டை விழிப்பித்தன. 1990 தொடக்கம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவ்விரு மாவட்டங்களிலும் சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கலாயிற்று. 2007 ஆம் ஆண்டு தை மாதத்தில் வலப்பனையிலும் ஹங்குரான்கெத்தையிலும் மலைகள் சரிந்து உயிர்களையும் வீடுகளையும் விழுங்கின. 2014 ஐப்பசி 29 ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயங்கள் மண்ணுள் புதையுண்டன. அவ்விடம் அபாயமுடையதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 கார்த்திகை இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாடெங்கும் சரிவுகளை விளைத்து, நூற்றுக்கணக்கானோரின் உயிரைக் கொண்டது.

எச்சரிக்கையும் நீரின் வழியும் புறக்கணிக்கப்படும்போது நேருவது எங்கும் ஒன்றே. வேல்சு நாட்டின் அபர்வான் என்னும் சுரங்கக் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலைச்சரிவிலிருந்த ஊற்றுக்களின் மீது குவிக்கப்பட்டிருந்தது. 1966 ஐப்பசி 21 ஆந் திகதி அக்குவியல் நீரூறி இறங்கி, பாடசாலையொன்றை மூடியது. மாண்ட 144 பேருள் 116 பேர் சிறுவர். அதன் பின்னரே கழிவுக் குவியல்களின் வடிகாலும் பாதுகாப்பும் சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டன. உண்ணீரை அகற்றினால் மலை நிற்கும் என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. அற்றனை அடுத்த வட்டவளையிற் புகையிரதப் பாதையைத் தாக்கிய சரிவு, மண்ணுள் வடிகுழாய்களைச் செலுத்தி நீரை வெளியேற்றியதன்மூலம் கட்டுப்படுத்தப்பட்டது.

மலையும் நீர்த்தேக்கமும்

வலப்பனையில் நீங்கும் மண் வலப்பனையோடு நிற்பதன்று. மகாவலித் திட்டத்தின்கீழ் விக்டோரியா, இரந்தெனிகலை, இரந்தம்பை ஆகிய நீர்த்தேக்கங்கள் 1985 தொடக்கம் 1990 வரையுள்ள ஆண்டுகளில் அமைந்தன. மலைச்சரிவுகளின் மண் இறுதியிற் சேருமிடம் இத்தகைய நீர்த்தேக்கங்களே. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைத்தேக்கம், 1988 அளவில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டலுக்கு இழந்துவிட்டது. வடமத்திய மாகாணத்து வயலுக்குப் பாயும் நீரும், யாழ்ப்பாணத்து வீட்டில் ஒளிரும் மின்விளக்கும் மலைநாட்டுக் கானின் துப்புரவோடு தொடர்புடையன என்பதை இதனால் அறியலாம்.

கண்டிய உழவன் வரம்பை ஊரின் கடமையாகக் கண்டான். கோப்பித் துரை கானைத் தன் தோட்டத்தின் எல்லைக்குள் மட்டும் கண்டான். சட்டம் அதனை நிலவுடைமையாளரின் பொறுப்பாகக் கண்டது. நீரோ எந்த எல்லையையும் காண்பதில்லை. தோட்டத்திலிருந்து கிராமத்துக்கும், கிராமத்திலிருந்து நீர்த்தேக்கத்துக்கும் தடையின்றிச் செல்கின்றது. ஆகவே, உச்சிக்காடு முதல் ஆற்றங்கரை வரை ஒரு நீரேந்து பரப்பை ஒரே அலகாகக் கொண்டு பேணுதலே முறையாகும். அப்பேணலிற் கான் வெட்டும் தொழிலாளிக்குத் தகுந்த கூலியும், சரிவின் அடியிலுள்ள லயத்துக்குப் பதிலாகப் பாதுகாப்பான நிலத்திற் சொந்த வீடும் முதலிடம் பெறல் வேண்டும். அணைகட்டிய மன்னரின் பெயரையும் தோட்டம் திறந்த துரைமாரின் பெயரையும் வரலாற்று நூல்கள் பொறித்து வைத்துள்ளன. நூற்றைம்பது ஆண்டுகளாக மழைக்காலந்தோறும் மண்வெட்டியோடு மலையேறி, நீருக்கு வழிகாட்டி மண்ணை நிறுத்தியோரின் பெயர்கள் அவற்றில் இல்லை. எஞ்சியுள்ள மண் அவர்கள் காத்துத் தந்தது.